கையில் குச்சி, சத்தம் பூஜ்யம்: கார்லோஸ் கிளைபர் பார்த்த வேலை

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவோட 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறினதுல இருந்து ஒரு கேள்வி நமக்கு விதவிதமா வந்துக்கிட்டே இருக்கு. எழுதினது ராஜா. வாசிச்சது ராயல் ஃபில்ஹார்மோனிக் கான்சர்ட் ஆர்கெஸ்ட்ரா. அப்போ நடுவுல குச்சியோட நின்ன மிகேல் டாம்ஸ் என்ன பண்ணினார்? ஒருத்தர் இன்னும் நேரடியாவே கேட்டிருந்தார்: "ப்ரோ, கண்டக்டர்னா டிக்கெட்டாவது கொடுப்பாரு. இவர் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். மேடையில் இருக்கிற அத்தனை பேரில் ஒரு சத்தமும் எழுப்பாத ஒரே ஆள் அவர். ஆனா போஸ்டரில் அவர் பேர் பெருசா இருக்கும், கடைசியில் கைதட்டலுக்குக் குனியறதும் அவர்தான்.

பொதுவா விளக்குறதைவிட ஒரே ஒரு ஆளோட வேலையைப் பின்தொடர்ந்து போனா சீக்கிரம் புரியும்னு தோணுச்சு. அதனால இந்த எபிசோட் கார்லோஸ் கிளைபர் பற்றி. 2011-ல் பிபிசி மியூசிக் இதழ் 100 கண்டக்டர்களிடம், எல்லாக் காலத்துக்கும் சிறந்த கண்டக்டர் யாருன்னு கேட்டது. முதலிடம் இவருக்கு. அப்போ அவர் இறந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஓபராவைத் தவிர்த்துப் பார்த்தா, இவர் வாழ்நாளில் நடத்தின கச்சேரிகள் நூறைக்கூடத் தொடாது. பேட்டியும் கொடுக்க மாட்டார். பாட்காஸ்ட் நடத்துறவனுக்கு இதைவிட மோசமான ஆள் கிடைக்காது. பரவாயில்லை, அவர் வேலை செய்யுறதைப் படம் பிடிச்சு வெச்சிருக்காங்க. நமக்கு அது போதும்.

முதல்ல குச்சி. அது எதுக்குன்னு பார்த்துடலாம்.

நம்ம கேட்கிறவங்களில் பாதிப் பேர் ஐடி-தான். உங்களுக்கு இது பழகின தலைவலி: லேட்டன்சி. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்திருக்கிற இடம் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு 17 மீட்டர்னு வெச்சுக்குங்க. அப்போ முன்வரிசை வயலின் சத்தம் பின்னாடி டிம்பனி வாசிக்கிறவர் காதுக்குப் போக 50 மில்லிசெகண்ட். இது என்ன பெரிய விஷயம்னு தோணும். பீத்தோவனோட ஐந்தாவது சிம்பொனியின் முதல் பகுதியை அவரே குறிச்சுக் கொடுத்த மெட்ரோனோம் வேகத்தில் வாசிச்சா, அதில் வரும் குட்டி நோட்டு ஒவ்வொண்ணும் நிக்கிறது 139 மில்லிசெகண்ட்தான். அதில் 50 போனா, ஒரு நோட்டில் மூணுல ஒரு பங்குக்கு மேல போச்சு. பின்வரிசைக்காரர் காதை மட்டும் நம்பி வாசிச்சா அவர் லேட். அவர் வாசிச்சது முன்வரிசைக்கு வர இன்னொரு 50. முன்வரிசை அதுக்காகக் காத்திருந்தா எல்லாமே மெதுவாகிட்டே போகும். வெளிச்சத்துக்கு மட்டும் இந்தப் பிரச்சினை இல்லை. அதனால எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒரு கை அசையணும்.

அந்தக் காலத்தில் இதைச் சத்தமாவே பண்ணியிருக்காங்க. 1687-ல் பாரிஸில் ஜான் பப்டிஸ்ட் லூலி கனமான கோலால் தரையைத் தட்டித் தாளம் போட்டுக்கிட்டிருந்தார். கோல் கால்ல பட்டுடுச்சு. புண் அழுகி, ஆளே போயிட்டார். குச்சி சின்னதானது எல்லாருக்கும் நல்லது.

ஆனா கடிகார வேலை மட்டும்னா ஒரு மெஷின் போதும். ஆளே இல்லாமலும் ஓரளவு சமாளிக்கலாம். நியூயார்க்கில் ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா 1972-ல் ஆரம்பிச்சதிலிருந்தே கண்டக்டர் இல்லாமத்தான் வாசிக்குது. அப்போ மிச்ச வேலை என்ன? முடிவெடுக்கிறது.

அதே ஐந்தாவது சிம்பொனியோட தொடக்கத்தை எடுத்துக்குவோம். ட-ட-ட-டாம். உலகத்துக்கே தெரிஞ்ச நாலு நோட்டு. தாளில் பார்த்தா முதலில் இருக்கிறது நோட்டு இல்லை, ஒரு மௌனம். அரைக்கால் மூச்சு அளவு இடைவெளி விட்டுத்தான் முதல் நோட்டு வருது. கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டவங்களுக்குச் சொல்லணும்னா, எடுப்பு சமத்தில் இல்லை, தள்ளி வருது. அதாவது கண்டக்டர் கையை இறக்கும்போது கேட்கவேண்டியது சத்தம் இல்லை, மௌனம். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ், கூட ரெண்டு கிளாரினெட், இத்தனை பேரும் அந்த வெறும் அடியைப் பார்த்து, அதுக்கப்புறம் ஒரே நேரத்தில் நுழையணும். கண்டக்டர் கையைத் தூக்கும்போது அந்தத் தூக்கல் எவ்வளவு வேகமோ, அதுதான் இசையோட வேகம். "ஒன், டூ, த்ரீ" எல்லாம் கிடையாது. ஒரே ஒரு மூச்சு. அதை மட்டும் வெச்சு ஐம்பது அறுபது பேர் புரிஞ்சுக்கணும்.

அடுத்தது இன்னும் மோசம். நாலாவது நோட்டு மேல ஒரு அரைவட்டம், உள்ளே ஒரு புள்ளி. "இதை நிறுத்திப் பிடி"ன்னு அர்த்தம். எவ்வளவு நேரம்? எழுதலை. பீத்தோவன் அதுக்கு எண் எதுவும் கொடுக்கலை. ஒரு செகண்டா, மூணு செகண்டா? சத்தம் அப்படியே நிக்கணுமா, தேயணுமா? முடிஞ்சதும் உடனே அடுத்ததா, இல்லை ஒரு இடைவெளி விட்டா? ஸ்பெக் எழுதினவர் 1827-லயே காலமாகிட்டார், கேட்க முடியாது. ஆளுக்கு ஒரு பதில் வெச்சிருந்தா கச்சேரி காலி. யாராவது ஒருத்தர் தீர்மானிக்கணும்.

தீர்மானிக்கணும்னா முதல்ல எல்லாத்தையும் படிச்சிருக்கணும். வயலின்காரர் தாளில் வயலின் வரி மட்டும்தான் இருக்கும். கண்டக்டர் கையில் இருக்கிற ஸ்கோரில் எல்லா வரியும் மேலிருந்து கீழே அடுக்கி இருக்கும். கூடுதல் வில்லங்கம், சில வாத்தியங்களுக்கு எழுதறது ஒரு சுரம், கேட்கிறது வேற. ஒவ்வொரு டீமும் தன்னோட டைம் ஸோன்லயே லாக் எழுதின மாதிரி. அதையெல்லாம் மனசுக்குள்ள மாத்திக்கிட்டு, ஒரு வாத்தியமும் இல்லாம, மேஜையில் உட்கார்ந்து மொத்தச் சத்தத்தையும் தலைக்குள்ள கேட்கணும். கண்டக்டரோட வேலை நாட்களில் பெரும்பகுதி இப்படித்தான் போகும். யாரும் பார்க்காத வேலை.

இப்போ கிளைபருக்கு வருவோம்.

1930-ல் பெர்லினில் பிறந்தார். அப்பா எரிக் கிளைபர், அன்றைய ஜெர்மனியின் மிகப் பெரிய கண்டக்டர்களில் ஒருவர். 1925-ல் ஆல்பன் பெர்க்கின் 'வோட்செக்' ஓபராவை முதன்முதலில் மேடையேற்றியவர். நாஜிகள் அந்த மாதிரி நவீன இசையை ஒடுக்க ஆரம்பித்தபோது, 1934-ல் பெர்லின் ஸ்டேட் ஓபரா பதவியைத் தூக்கிப் போட்டுவிட்டு வெளியேறினார். குடும்பம் கடைசியில் அர்ஜென்டினாவுக்குப் போனது. 'கார்ல்' என்று பிறந்த பையன் அங்கேதான் 'கார்லோஸ்' ஆனான்.

அந்தப் பையனுக்கு இசைதான் வேணும். அப்பாவுக்கு விருப்பமில்லை. சூரிச்சில் வேதியியல் படிக்க அனுப்பினார். "முதல்ல ஒரு டிகிரி முடி, அப்புறம் பாட்டு கூத்தெல்லாம்" என்கிற வசனம் ஸ்பானிஷிலும் ஜெர்மனிலும்கூட உண்டு போல. இன்ஜினியரிங் முடிச்சிட்டு மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கிற எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் நெருக்கமா இருந்துச்சு. படிப்பை அவர் பாதியில் விட்டுட்டார். 1950-களின் நடுவில் போட்ஸ்டாம் நகரத்தில் ஒரு ஆபரெட்டாவை நடத்தி அறிமுகமானபோது வைத்துக்கொண்ட பெயர் கார்ல் கெல்லர். கிளைபர் என்ற பெயரோடு மேடையேற மனசு வரலை. 1956 ஜனவரி 27 அன்று, மொசார்ட்டின் 200-வது பிறந்தநாளில், அப்பா இறந்துபோனார்.

அப்பா போனார், ஆனா விட்டுப் போகலை. கார்லோஸ் பெரும்பாலும் அப்பா நடத்திய படைப்புகளையே எடுத்தார். அப்பா குறிப்பெழுதிய ஸ்கோர்களை வைத்துப் படித்தார். வருஷம் ஏற ஏற பட்டியல் சுருங்கிக்கிட்டே போச்சு. பீத்தோவனில் நாலு சிம்பொனி, பிராம்ஸில் ரெண்டு, கொஞ்சம் மொசார்ட், கொஞ்சம் ஷூபர்ட், ஒரு டஜனுக்குள்ள ஓபராக்கள். மற்ற பெரிய கண்டக்டர்கள் நூற்றுக்கணக்கில் வெச்சிருப்பாங்க. ட்யூசல்டார்ஃப், சூரிச், ஸ்டுட்கார்ட், மியூனிக் என்று ஓபரா தியேட்டர்களில் வேலை பார்த்துத் தொழில் கற்றார். 1970-களின் நடுவிலிருந்து எந்த ஆர்கெஸ்ட்ராவிலும் நிரந்தரப் பதவி எடுத்துக்கலை.

1970-ல் ஸ்டுட்கார்ட் வானொலி ஆர்கெஸ்ட்ராவோடு அவர் ஒத்திகை நடத்தியதைப் படம் பிடித்திருக்கிறார்கள். வெபரின் 'ஃப்ரைஷூட்ஸ்', யோஹான் ஸ்ட்ராஸின் 'ஃப்ளெடர்மவுஸ்', இரண்டின் தொடக்க இசை. எல்லாருக்கும் மனப்பாடமா தெரிஞ்ச இசை. ஆரம்பத்தில் சில வாத்தியக்காரர்கள் முகத்தில் "இதை நாங்க எத்தனை தடவை வாசிச்சிருப்போம் தம்பி" என்கிற பாவனை அப்பட்டமா தெரியும். இவர் நாலு நோட்டுக்கு ஒரு தடவை நிறுத்துறார். நிறுத்தி என்ன சொல்றார்னுதான் பார்க்கணும். "சத்தமா", "மெதுவா" என்பதெல்லாம் ரொம்பக் குறைவு. கதை சொல்றார், பாடிக் காட்டுறார், ஒரு ஆளோட மனநிலையைச் சொல்றார்.

முதல்ல பார்க்கிறப்போ இது என்னடா பில்டப்னு இருக்கும். ஆனா ஒரு வயலினை நினைச்சுப் பாருங்க. வில் எவ்வளவு வேகமா போகணும், எவ்வளவு அழுத்தணும், தந்தியில் எந்த இடத்தைத் தொடணும், நோட்டோட ஆரம்பம் கூர்மையா இருக்கணுமா மழுங்கலா இருக்கணுமா, இதெல்லாம் தனித்தனி. "சத்தமா"ன்னு சொன்னா அதில் ஒண்ணுதான் மாறும். ஒரு படத்தை மனசில் போட்டா அந்த நாலும் தானா சேர்ந்து மாறும். எப்படிச் செய்யணும்னு அவர் சொல்லலை. என்ன கேட்கணும்னு சொல்றார். செய்முறையைக் கண்டுபிடிக்கிறது வாசிக்கிறவங்க பொறுப்பு. அதில் அவங்க இவரைவிடக் கெட்டிக்காரங்க. படத்தோட கடைசிக்கு வரும்போது அதே முகங்கள் சிரிச்சுக்கிட்டு வாசிக்கும். இந்த ஒரு மாற்றத்துக்காகவே படத்தை முழுசா பாருங்க, வேகத்தை ஒன்றரைல ஓட்டாதீங்க.

அதுக்காக அவர் மூடு வந்தா வர்ற கவிஞர்னு நினைச்சுடக் கூடாது. எந்த ஆர்கெஸ்ட்ராவுக்குப் போனாலும் தன்னோட குறிப்புகள் போட்ட தாள்களைத் தானே கொண்டுபோவார். எந்த இடத்தில் வில் மேலே, எந்த இடத்தில் கீழே, எல்லாம் முன்கூட்டியே தயார். ஓபரா ஒரு நாள் முடிஞ்சு அடுத்த நாள் திரும்ப வரும்போது, சில வாத்தியக்காரர்களோட தாள் வைக்கிற ஸ்டாண்டில் சின்னச் சின்னக் கடிதங்கள் இருக்கும்: இந்த இடம் இப்படி முயன்று பார்க்கலாமா என்று. அதுக்கு 'கிளைபர்கிராம்'னு செல்லப் பேரே வெச்சுட்டாங்க. கோட் ரிவ்யூ கமென்ட்டுக்கு அப்படி ஒரு செல்லப் பேர் எந்த ஆபீஸிலும் வந்ததா நான் கேள்விப்படலை.

ஒத்திகை நேரமும் மற்றவர்களைவிட அதிகம் கேட்பார். ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒத்திகைன்னா பணம். ஒரு கச்சேரிக்கு மூணு நாலு ஒத்திகை கிடைச்சாலே பெரிய விஷயம். இவர் கேட்டதைக் கொடுத்தாங்கன்னா, கச்சேரியில் என்ன நடக்கும்னு அவங்களுக்குத் தெரியும்.

கச்சேரியில் நடந்தது இதுதான்: தாளம் போடுறதை நிறுத்திடுவார். வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு அவர் நடத்திய 1989, 1992 புத்தாண்டுக் கச்சேரிகளின் வீடியோ இருக்கு. பல இடங்களில் ஒரு கை பின்னாடி இருக்கிற கம்பியில் சாய்ஞ்சிருக்கும், இன்னொரு கை காற்றில் ஒரு வளைவு வரையும். ஒண்ணு-ரெண்டு-மூணு எங்கேயும் இல்லை. சில நொடிகள் சும்மா நின்னு கேட்டுக்கிட்டிருப்பார். கடிகார வேலை வாசிக்கிறவங்க கைக்குப் போயிடுச்சு. ஒத்திகையில் அவ்வளவு கறாரா இருந்ததே இப்படிக் கையை எடுக்கத்தான்னு எனக்குத் தோணுது. பார்க்க அலட்டிக்காத மாதிரி இருக்கிற அந்த அஞ்சு நொடிக்குப் பின்னாடி எத்தனை நாள் வேலைன்னு யோசிச்சுப் பாருங்க.

இப்போ கசப்பான பக்கம்.

வியன்னா ஃபில்ஹார்மோனிக் பற்றி ஒரு விஷயம் தெரியணும். அது வாத்தியக்காரர்களே நடத்துற அமைப்பு. 1933-க்குப் பிறகு அதுக்கு நிரந்தரக் கண்டக்டரே கிடையாது. யாரைக் கூப்பிடணும்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க. ஆக, குச்சி பிடிச்சவருக்கு அங்கே யாரையும் வேலையை விட்டுத் தூக்குற அதிகாரம் இல்லை. கேட்கலாம், அவ்வளவுதான்.

1982-ல் பீத்தோவனின் நான்காவது சிம்பொனிக்கு ஒத்திகை. இரண்டாவது பகுதி, இரண்டாம் வயலின்கள் மட்டும் ஒரு ஆடும் தாளத்தோடு ஆரம்பிக்கும். நீளம்-குட்டை, நீளம்-குட்டைன்னு போகும். அந்தக் குட்டை நோட்டு கொஞ்சம் சோம்பல் பட்டாலும் தாளம் கொழகொழன்னு ஆகிடும். கிளைபர் வழக்கம்போல ஒரு படம் கொடுத்தார்: 'தெரேஸ' என்ற பெயரைச் சொல்ற மாதிரி வாசியுங்க. பீத்தோவன் காதலித்ததாகப் பேசப்படுகிற பெண்களில் ஒருத்தி பேர் அது. வாசிச்சாங்க. திரும்ப, திரும்ப. நீங்க வாசிக்கிறது 'தெரேஸ' இல்லை, 'மரீ' என்றார். என் புரிதலில் மூணு அசை ரெண்டா கேட்குதுன்னு புகார். கடைசியில் குச்சியை வெச்சுட்டு வெளியே போய்விட்டார். ஒத்திகையிலிருந்து மட்டுமில்லை, கச்சேரியிலிருந்தே. வேற ஒருத்தர் வந்துதான் நடத்திக் கொடுத்தார்.

இந்தக் கதையை "மேதைன்னா அப்படித்தான்"னு புல்லரிச்சுச் சொல்றவங்க நிறையப் பேர். எனக்கு அந்த இரண்டாம் வயலின்கள் பக்கம்தான் மனசு போகுது. அவங்க வியன்னா ஸ்டேட் ஓபராவோட ஆர்கெஸ்ட்ராக்காரங்களும்கூட. சீசன் முழுக்க ராத்திரி ஓபரா, பகலில் ஒத்திகை. காய்ச்சலோ வீட்டுப் பிரச்சினையோ, எட்டு மணிக்கு திரை தூக்கினா வாசிச்சாகணும். 'வேண்டாம்'னு சொல்லிட்டுக் கிளம்புற வசதி ஒருத்தருக்குத்தான் இருந்துச்சு, அந்த வசதியை மத்தவங்க உழைப்புதான் தாங்கிக்கிட்டிருந்துச்சு.

ஆனா அவர் சொன்னது தப்பும் இல்லை. அதே வருஷம் மே மாசம் மியூனிக்கில் பவேரியன் ஸ்டேட் ஆர்கெஸ்ட்ராவோடு அதே நான்காவது சிம்பொனியை நடத்தியிருக்கார், ரெக்கார்டிங் கிடைக்குது. அந்த இரண்டாவது பகுதியைக் கேளுங்க. குட்டை நோட்டு எங்கேயும் வழுக்காது. தன் காதுக்குள்ள அது எப்படி ஒலிக்குதுன்னு அவருக்குத் துல்லியமா தெரியும். வெளியே அது கேட்கலைன்னா அவரால் தாங்க முடியலை. சத்தம் எழுப்பாத வேலையில் இருக்கிற கஷ்டமே இதுதான். வயலின்காரர் திருப்தியில்லைன்னா தனியா ரூமுக்குப் போய் நூறு தடவை சாதகம் பண்ணலாம். கண்டக்டரோட வாத்தியம் நூறு மனுஷங்க. அவங்க இல்லாம அவரால் ஒரு தப்பைக்கூடத் திருத்திக்க முடியாது.

ஸ்டுடியோவிலும் இதேதான். டிரெஸ்டனில் வாக்னரின் 'ட்ரிஸ்டான்' ஒலிப்பதிவு. முடியறதுக்குள்ள சண்டை போட்டுக் கிளம்பிட்டார். அதுவரை பதிவானதை எல்லாம் கோர்த்துத்தான் வெளியிட வேண்டியதாச்சு. அதுக்கப்புறம் ஸ்டுடியோ பக்கமே போகலை. 1989-ல் காராயன் இறந்ததும் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இவரை அணுகியதாகவும், இவர் மறுத்ததாகவும் சொல்றாங்க. ஃப்ரிட்ஜ் காலியானால்தான் கிளைபர் கச்சேரி பண்ணுவார்னு காராயன் கிண்டலடிச்சதா ஒரு கதை உண்டு. 1996-ல் இங்கோல்ஸ்டாட்டில் ஒரு கச்சேரி நடத்தினதுக்கு ஆடி கார் ஒண்ணு வாங்கிக்கிட்டார். ஆடித் தள்ளுபடி இல்லை, கம்பெனி அந்த ஊர்தான்.

வியன்னாக்காரங்க சில வருஷம் கழிச்சு அவரைத் திரும்பக் கூப்பிட்டாங்க, வந்தார். அந்தப் புத்தாண்டுக் கச்சேரிகள் அப்புறம் நடந்ததுதான். 1994-ல் டோக்கியோவில் கடைசி ஓபரா, 1999-ல் இத்தாலியின் கால்யாரியில் கடைசிக் கச்சேரி. 2003 டிசம்பரில் மனைவி ஸ்டானிஸ்லாவா இறந்தார். அடுத்த ஜூலையில், மனைவியின் நாடான ஸ்லோவேனியாவில், இவரும். வயது 74.

எங்கே ஆரம்பிக்கலாம்னு கேட்கிறவங்களுக்கு: 1974-ல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கோடு பதிவு செய்த பீத்தோவன் ஐந்தாவதை ஹெட்ஃபோனில் கேளுங்க, மெட்ரோவில் வேண்டாம், அந்த முதல் மௌனம் பிரேக் சத்தத்தில் போயிடும். பார்க்கணும்னா ஆம்ஸ்டர்டாமில் கான்சர்ட்கெபௌ ஆர்கெஸ்ட்ராவோடு 1983-ல் நடத்திய பீத்தோவன் ஏழாவது. கடைசிப் பகுதியில் வலது கையை விட்டுடுங்க, இடது கையை மட்டும் பாருங்க. அது எதையாவது கேட்ட அரை நொடிக்கு அப்புறம்தான் உங்க காதில் அது வரும். ரெண்டு மூணு தடவை அப்படி நடந்தப்புறம் டிக்கெட் கேள்வி கேட்ட அந்த நண்பர் ஒரு மெசேஜ் போடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.